ஏரிக்கரைக் கல்வியும் இராமானுசரின் மெய்யுலகும்

அடையாறு மலையில் பிறக்கும் ஆறன்று. காஞ்சிபுரம் மாவட்டத்தில் மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரியும் அதைச் சூழ்ந்த ஆதனூர் முதலிய ஏரிகளும் வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, மிகுந்த நீரைக் கலங்கல் வழியே, அதாவது கொள்ளளவை மீறும் நீர் கரையை உடைக்காமல் தானே வழிந்தோடுவதற்கென்று கட்டப்பட்ட கல்வழியே, வெளியேற்றுகின்றன. அந்நீர் வாய்க்கால்களில் ஒன்றுகூடி, திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரியையும் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிச் சென்னையில் கடலோடு கலக்கிறது. இந்த ஆற்றின் கடைமடையில், குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் கழிமுக நிலம் சீர்செய்யப்பட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது. பள்ளி மாணவர்களை அழைத்துவந்து சதுப்பு நிலத்தையும் அதன் உயிர்களையும் நேரில் காட்டிக் கற்பிப்பது அப்பூங்காவின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. தலைமடையாகிய மணிமங்கலத்திலோ ஏரி ஊரோடு ஒட்டியே கிடக்கிறது. அங்குள்ள பிள்ளைகள் நீர்நிலை ஒன்றைக் காணப் பேருந்து ஏறவேண்டியதில்லை. ஆயினும் ஒரகடம், திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆகிய தொழிற்பகுதிகளுக்கு நடுவே வளரும் அப்பிள்ளைகளின் கண்ணில் ஆலைப் பேருந்தும் வீட்டுமனை விளம்பரமும் படுகிற அளவுக்கு அந்த ஏரி படுகிறதா என்பது ஐயத்துக்குரியது.

பள்ளிப் பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று இயற்கையைக் கற்பிக்கும் திட்டங்கள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் பயனைப் பற்றியே பேசுகின்றனர்: உடல்நலம், அறிவியல் ஆர்வம், சுற்றுச்சூழல் விழிப்புணர்வு முதலியன. இப்பயன்கள் மெய்யே. எனினும் அவற்றுக்கு முற்பட்ட கேள்வி ஒன்று உண்டு. ஏரிக்கரையில் நிற்கும் குழந்தை ஒரு நாரையைக் காணும்போது அது அறிவது என்ன, அவ்வாறு அறிந்ததன்பால் அக்குழந்தைக்கு ஏதேனும் கடப்பாடு உண்டாகிறதா என்பதே அது. இது மெய்யியல் கேள்வி. சமயக் கேள்வியும் ஆகும். இதற்கு விடை தேட வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. மணிமங்கலத்தின் அண்டையூராகிய திருப்பெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு பிறந்ததாக மரபு கூறும் இராமானுசர், இவ்விரண்டு வினாக்களையும் தம் சிந்தனையின் நடுவில் வைத்தவர்.

இராமானுசரின் கொள்கை விசிட்டாத்துவைதம் எனப்படும். பரம்பொருள் ஒன்றே, ஆனால் அது தன்மைகள் ஏதுமற்ற வெறும் ஒன்றன்று, அறிவுள்ள உயிர்களையும் அறிவற்ற பொருள்களையும் தன் பண்புகளாகக் கொண்டு அவற்றோடு கூடிய ஒன்று என்பது அதன் சாரம். இக்கொள்கையில் உலகம் தோற்றமயக்கம் ஆகாது. மண்ணும் நீரும் புழுவும் மனிதனும் முழுமையான மெய்ம்மை உடையவை. உலகம் மாயை என்ற சொல் தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் எளிதாகப் புழங்குவதால், இதன் கனத்தை நிதானித்து உணரவேண்டும். உலகை மாயை என்னும் அத்துவைதமும் நடைமுறை அளவில் உலகுக்கு ஒரு மெய்ம்மையை ஒப்புக்கொள்கிறது என்பதால் அது இயற்கை ஆய்வுக்குப் பகை என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் அங்கே ஏரியின் மெய்ம்மை இறுதியானதன்று, ஞானம் பிறந்தபின் கடக்கப்படவேண்டியது. இராமானுசரிடத்தில் அப்படிக் கடந்துபோக இடமில்லை. வீடுபேற்றிலும் உலகம் பொய்யாகிவிடுவதில்லை. ஆகவே, பறவைகளை எண்ணுவதும் இலைகளைப் பிரித்தறிவதும் மேலான அறிவுக்குப் புறம்பான சிறுபிள்ளை விளையாட்டு என்று கருதும் சமய மனப்பான்மைக்குத் திருப்பெரும்புதூரின் மண்ணிலேயே மறுப்பு உண்டு.

காட்சியறிவைப் பற்றி அவர் கூறுவது இங்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. இந்திய மெய்யியலார் புலன்வழி வரும் அறிவை நிருவிகற்பம், சவிகற்பம் என இரண்டாகப் பிரித்தனர். பெயர், இனம், பண்பு எதுவும் பிரிந்து தோன்றாத வெறும் முதற்காட்சியே நிருவிகற்பம் என்றும், அவை பிரிந்து தெளிந்த காட்சி சவிகற்பம் என்றும் பலர் கொண்டனர். பிரம்மசூத்திரத்துக்குத் தாம் எழுதிய சிறீபாடியம் என்னும் உரையின் தொடக்கப் பகுதியிலேயே இராமானுசர் இதை மறுத்து, தன்மையற்ற வெறும் பொருளை எவரும் எப்போதும் கண்டதில்லை, முதற்காட்சியிலும் பொருள் தன் வடிவோடும் அமைப்போடும்தான் தோன்றுகிறது என்று நிறுவுகிறார். அப்படியானால் முதற்காட்சிக்கும் அடுத்த காட்சிகளுக்கும் வேறுபாடு எங்கே என்றால், ஓர் இனத்தைச் சேர்ந்த ஒன்றை முதன்முறை காண்பவனுக்கு அதன் வடிவம் தெரிந்தாலும், அவ்வடிவம் அவ்வினத்தின் பிறவற்றிலும் தொடர்ந்து வருவது என்பது தெரியாது. இரண்டாவதையும் மூன்றாவதையும் காணும்போதுதான் அத்தொடர்ச்சி புலனாகி அறிவு நிறைவுபெறுகிறது என்கிறார். அவர் காட்டும் எடுத்துக்காட்டு பசு.

பசுவின் இடத்தில் நத்தைகுத்தி நாரையை வைத்துப் பார்க்கலாம். இவ்வட்டார ஏரிகளில் எளிதாகக் காணக்கூடிய அப்பறவையின் மேலலகும் கீழலகும் நடுவில் பொருந்தாமல் இடைவெளி விட்டு நிற்கும். முதன்முறை காணும் குழந்தை அதைக் காயம்பட்ட அலகு என்றே எண்ணக்கூடும். அடுத்தடுத்த முறைகளில் வேறு நாரைகளையும் அதே அலகோடு கண்டபின் அது காயமன்று, இனத்தின் அமைப்பு என்பது விளங்கும். ஆழமில்லாத நீரில் அப்பறவை நத்தையைத் தேடியெடுத்து, ஓட்டிலிருந்து சதையைப் பிரிப்பதைக் காத்திருந்து காணும் நாளில் அவ்வலகின் பயனும் விளங்கும். ஓராண்டு மழை பொய்த்து நீர் வற்றி நத்தைகள் மண்ணுக்குள் ஒடுங்க, நாரையும் காணாமற்போகும்போது, நீர், நத்தை, நாரை ஆகிய மூன்றும் ஒரே கோவையில் நிற்பவை என்பதைச் சொல்லித்தர ஆசிரியர் தேவைப்படமாட்டார். இத்தனையும் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்வதால் மட்டுமே கிடைப்பவை. ஆண்டுக்கு ஒருமுறை தொலைவிலுள்ள சரணாலயத்துக்குச் சுற்றுலா சென்று வரும் குழந்தைக்கு முதற்காட்சி மட்டுமே வாய்க்கிறது. சுற்றுலாவை இழித்துக் கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேடந்தாங்கலைக் காணும் குழந்தையின் வியப்பு மதிக்கத்தக்கது. ஆனால் வியப்பு அறிவின் வாயில். இயற்கைக் கல்வி என்ற பெயரில் நடப்பவற்றுள் பல அவ்வாயிலோடு நின்றுவிடுகின்றன.

ஏரி என்ற பொருளுக்கே இது பொருந்தும் என்பதுதான் மிக முக்கியமானது. கார்த்திகையில் கரை தளும்ப நிற்பதும், பங்குனி சித்திரையில் உள்வாய் காய்ந்து வெடித்துக் கிடப்பதும் ஒரே ஏரி. இரண்டையும் காணாமல் கோடையில் மட்டும் அதைக் கண்டு வளர்பவருக்கு அது பயனற்றுக் கிடக்கும் நிலமாகவே தெரியும். நிலமாகத் தெரிவது பிறகு மனையாகத் தெரியும். நீர் வரும் வாய்க்காலும் நீர் போகும் கலங்கலும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருப்பவை என்பதால், அவற்றின் பொருள் மழைநாளில் அவற்றைக் கண்டவர்க்கே விளங்கும். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களின் பெருமழையில் அடையாற்றின் மேற்பகுதியிலுள்ள முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கியபோது, வெள்ளம் எங்கிருந்தோ வந்த அயலாகவே பலருக்குத் தோன்றியது. அது மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி. தனக்குரிய பழைய வழியில் நடக்க முயன்ற நீர். ஏரியை அதன் இரு காலங்களிலும் அறிந்த தலைமுறை அங்கே வீடு கட்டியிருந்தால் இழப்பு குறைந்திருக்கும் என்று கூறுவது மிகையாகாது.

காட்சியைப் பற்றிய கேள்வி இவ்வாறு தெளிவடைய, கடப்பாட்டைப் பற்றிய கேள்வி எஞ்சுகிறது, அது கடினமானது. பிருகதாரணியக உபநிடதத்தின் ஒரு பகுதி, நிலம், நீர், காற்று என ஒவ்வொன்றாக எடுத்து, அதனுள் உறைந்து, அதனால் அறியப்படாமல், அதைத் தன் உடலாகக் கொண்டு உள்நின்று இயக்குபவன் ஒருவன் உண்டு என்கிறது. இதையே அடித்தளமாகக் கொண்டு, உயிர்களும் பொருள்களும் இறைவனுக்கு உடல், இறைவன் அவற்றுக்கு உயிர் என்ற உறவை இராமானுசர் வகுத்தார். உடல் என்பதற்கு அவர் தரும் இலக்கணம் கையும் காலும் உடையது என்பதன்று. அறிவுடைய ஒன்றால் முழுதும் தாங்கப்படுவது, முழுதும் இயக்கப்படுவது, அதன் பொருட்டே இருப்பது ஆகிய மூன்றும் பொருந்திய எப்பொருளும் அவ்வறிவுடையதற்கு உடல் ஆகும். இவ்விலக்கணத்தின்படி மணிமங்கலம் ஏரியும் அதன் கரைமேல் நிற்கும் பனையும் அதில் மேயும் தாழைக்கோழியும் இறைவனின் உடலே.

இதைக் கேட்டவுடன், இறைவனின் உடலை மாசுபடுத்தலாமா என்ற முடிவுக்குத் தாவிவிடுவது எளிது. இன்று சமயமும் சூழலியலும் பேசும் மேடைகளில் அப்படித் தாவுவதே வழக்கம். ஆனால் கொள்கை அவ்வளவு எளிதாக வளைந்து கொடுப்பதில்லை. உடலின் குற்றங்கள் உயிரைத் தீண்டாதவாறு உலகின் குற்றங்கள் இறைவனைத் தீண்டுவதில்லை என்பதும் இராமானுசர் அழுத்திக் கூறும் கருத்து. குழந்தைப் பருவமும் முதுமையும் உடலுக்கே அன்றி உயிருக்கு இல்லை என்பது அவருடைய விளக்கம். அவ்வாறெனில் ஏரியில் கழிவுநீர் கலந்தாலும் இறைவனுக்கு ஊறு இல்லை என்று ஒருவர் வாதிடலாம். புனித நீருக்குத் தீட்டு இல்லை என்ற நம்பிக்கையோடு ஆறுகளில் குப்பையும் துணியும் விடப்படுவதும், கோயிற்குளங்கள் பாசி படிந்து கிடப்பதும் இவ்வகை வாதத்தின் நடைமுறை வடிவங்களே. உலகை இறைவனின் உடல் என்று போற்றுவது மட்டும் உலகைக் காப்பதில்லை என்பதற்கு இந்நாடே சான்று.

விடை அந்த இலக்கணத்தின் மூன்றாம் உறுப்பில் இருக்கிறது. உடல் தன் உடையவனின் பொருட்டே இருப்பது. இவ்வுறவை வைணவ மரபு சேடத்துவம், அதாவது பிறனுக்கே உரியதாக இருத்தல், என்று வழங்கும். ஏரி இறைவனின் பொருட்டு இருப்பது என்றால் மனிதனின் பொருட்டு மட்டும் இருப்பதன்று என்பது தானே பெறப்படும். மேலும், அறியும் மனிதனும் அதே உடலின் கூறு. ஏரியைப் போலவே அவனும் பிறனுக்கு உரியவன். ஆகவே உடைமையாளனாக நின்று ஏரியைப் பார்க்கும் உரிமை அவனுக்கு இல்லை. கைங்கரியம், அதாவது உரியவனுக்குச் செய்யும் தொண்டு, ஒன்றே அவனுக்குரிய நிலை. இறைவனுக்கு ஊறு நேர்கிறதா என்ற கேள்வியே இங்குத் தேவையற்றுப்போகிறது. தனதல்லாத ஒன்றைத் தன் விருப்பப்படி அழிப்பது, உரியவன் துன்புறாவிட்டாலும், தவறு. இராமானுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பயின்ற இடமாக மரபு குறிக்கும் திருப்புட்குழி இதே மாவட்டத்தில் உள்ளது. கழுகரசனாகிய சடாயுவுக்கு இராமன் மகனின் நிலையில் நின்று ஈமக்கடன் செய்த தலமாக அவ்வூரை வைணவர் போற்றுகின்றனர். பறவைக்கு மனிதன் கடன்பட்டிருத்தல் கூடும் என்ற எண்ணம் இந்நிலத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட வேண்டியதன்று.

இவ்விடத்தில் பழைமையைப் பொன்னாக்கிக் காட்டும் ஆசை எழும், அதை அடக்கவேண்டும். மணிமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயிலிலுள்ள சோழர் கல்வெட்டுகள் அவ்வூரைச் சதுர்வேதிமங்கலம், அதாவது மறையோதும் அந்தணர்க்கு அளிக்கப்பட்டு அவர்தம் சபையால் ஆளப்பட்ட ஊர், என்று குறிக்கின்றன. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரிவாரியம் என்ற பெயரில் ஏரியைப் பேணுதற்கென்றே ஆண்டுதோறும் குடவோலையால் குழு அமைக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. பெருமைக்குரிய ஏற்பாடுதான். ஆனால் அக்குழுவில் இடம்பெற நிலவுடைமையும் மறையறிவும் வேண்டப்பட்டன. மண்ணைச் சுமந்து கரை உயர்த்தியவர்க்கும், மதகைத் திறந்து அடைத்த நீர்க்கட்டிகளுக்கும் அங்கே குரல் இல்லை. நீர்க்கட்டித் தொழில் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் கையிலேயே இருந்தது. ஏரியை அணுவணுவாக அறிந்த அவர்களே பொதுக்குளத்தில் நீர் மொள்ளத் தடுக்கப்பட்டனர். 1927 மார்ச்சில் மகாராட்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது, நீரின் தத்துவத்தைப் பேசிய நாட்டில் நீரைத் தொடுவதற்கே போராட வேண்டியிருந்தது என்பதன் வரலாற்றுச் சான்று. உலகனைத்தும் இறைவனின் உடல் என்ற கொள்கையை ஒப்புக்கொண்டவர்கள் அவ்வுடலின் ஒரு பகுதியைத் தீண்டத்தகாததாக்கியது கொள்கைக்கு இழைத்த துரோகம். திருக்கோட்டியூரில் மறைபொருளை யாவர்க்கும் அறிவித்தவர் என்று இராமானுசரைக் கொண்டாடும் மரபு இதை உணர்ந்திருக்கவேண்டும். ஏரிக்கரையில் இன்று நடத்தப்படும் பாடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும், பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று ஒரே நீரில் கைவைப்பது அப்பாடத்தின் பாதி.

அரசுப் பள்ளியில் சமயக் கொள்கையைக் கற்பிக்க இயலுமா என்ற தடை அடுத்து எழும். இயலாது, அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு, முழுதும் அரசு நிதியால் நடக்கும் கல்வி நிலையங்களில் சமயப் போதனையை விலக்குகிறது. அது நன்று. ஆனால் 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 51அ உறுப்பு, காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காப்பதையும் உயிர்களிடத்து இரக்கம் கொள்வதையும் ஒவ்வொரு குடிமகனின் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது. சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கவேண்டும் என்று எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் ஆணையிட்டது. 2001-02-இல் தொடங்கிய தேசியப் பசுமைப் படை பள்ளிகளில் சூழல் மன்றங்களை ஏற்படுத்தியது. சட்டம் கடமையைச் சொல்கிறது, அதன் காரணத்தைச் சொல்வதில்லை. காரணத்தை ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டின் நம்பிக்கையிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். உலகம் மனிதனிடம் இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்று இசுலாமியக் குழந்தை கேட்டிருக்கும். படைப்பைப் பேணுதல் குறித்துப் போப் பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலின் செய்தி கிறித்தவக் குழந்தையின் ஆலயத்தை எட்டியிருக்கும். கடவுளை ஏற்காத வீட்டுப் பிள்ளைக்கும் தொல்காப்பிய மரபியல் இருக்கிறது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவும், எறும்பை மூவறிவுயிராகவும், நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிராகவும் அந்நூல் வரிசைப்படுத்தும்போது, மனிதனைத் தனியே நிறுத்தாமல் அதே வரிசையின் ஆறாம் படியில் வைக்கிறது. இவை ஒன்றல்ல, ஒன்றாக்கவும் வேண்டாம். ஏரி தன்னுடையதன்று என்ற இடத்தில் மட்டும் அனைத்தும் சந்திக்கின்றன; பொதுப்பள்ளிக்கு அது போதும்.

கொள்கையும் கைவேலையும் கூடிய வடிவத்தைத் திருவண்ணாமலையில் காணலாம். அங்கே சைவர்க்கு மலையே சிவம். இலட்சக்கணக்கானோர் அதை வலம்வருகின்றனர். ஆனால் அம்மலை நெடுங்காலம் மொட்டையாகக் கிடந்தது, கோடைதோறும் தீக்கிரையானது. வழிபாடு மட்டும் அதற்கு நிழல் தரவில்லை. ஃபாரஸ்ட் வே அறக்கட்டளையினரும் உள்ளூர் மக்களும் நாட்டுமரக் கன்றுகளை வளர்த்து நட்டும், தீத்தடுப்புப் பாதைகளை வெட்டியும், தீப்பிடித்தபோது ஏறி அணைத்தும் காட்டை மெல்ல மீட்டுவந்தனர். அவர்களோடு இணைந்து 2009-இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியின் பிள்ளைகள் இப்பணிக்கு நடுவிலேயே கற்கின்றனர். மலையை வலம்வருதலும் மலையில் மரம் நடுதலும் வேறுவேறல்ல என்று அங்கு எவரும் உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை.

மணிமங்கலத்துக்கு மலை இல்லை, ஏரி இருக்கிறது. அங்கே பாடம் நடத்தப் பூங்காவோ நுழைவுச்சீட்டோ வேண்டியதில்லை. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரும், கரையை விட்டு இறங்கக்கூடாத இடங்களைக் காட்டும் ஊர்க்காரர் ஒருவரும், மதகின் வரலாறு அறிந்த முதிய உழவர் ஒருவரும் உடன்வந்தால் போதும். ஆபத்தும் தேர்வும் காரணமாகப் பெற்றோர் தயங்குவது இயல்பே. முன்னதற்குத் துணை வேண்டும், பின்னதற்கு விடை அறிவியல் பாடநூலிலேயே உள்ளது. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி பள்ளிதோறும் அமைந்துள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர். ஐப்பசி முதல் சித்திரை வரை மாதம் ஒரு பிற்பகலை ஏரிக்கரைக்கு ஒதுக்கும் தீர்மானத்தை மணிமங்கலம் வட்டாரத்துப் பள்ளிகளின் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவரவேண்டும். முதற்பயணம் கலங்கல் வழியும் நாளில், இரண்டாவது பயணமும் அதே கலங்கலுக்கு அமையட்டும்.